“இன்னும் தெரியவில்லை” என்று சொன்ன மருத்துவர்

சேலத்தில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற எவரும் அந்தச் சுவர் எழுத்துகளைப் படிக்காமல் தப்பியிருக்க முடியாது. மூலம், பவுத்திரம், ஆசனவாய் வெடிப்பு. கத்தியின்றி, ரத்தமின்றி, நிரந்தரத் தீர்வு. கீழே ஒரு கைபேசி எண். கல்லூரி நாட்களில் நானும் தோழிகளும் அவற்றைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்போம். அந்த வயதில் பவுத்திரம் என்பது தாத்தாக்களுக்கு வருவது. மலம், குடல், ஆசனவாய் என்ற சொற்களை வீட்டுக்குள்ளேயே தாழ்ந்த குரலில் உச்சரிக்கிற ஊர் இது. இங்கே அவற்றைக் கூச்சமின்றிப் பேசுவது அந்தச் சுவர்கள் மட்டும்தான். அவற்றுக்கு இருக்கிற வியாபாரத்துக்கு மருந்தின் மகிமையைவிட நம் கூச்சம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

எனக்கு இருப்பது கிரோன் நோய். 1932-இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது தனி நோயாக அறியப்பட்டது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கென்னடி டால்ஸீல் என்ற அறுவை மருத்துவர் 1913-இலேயே இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பெயர் என்னவோ அகரவரிசையில் முன்னால் நின்ற கிரோனுக்குப் போய்விட்டது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் குடலிலேயே ஓயாமல் சண்டை போடுகிறது. வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். ஓரிடத்தில் புண், அடுத்த சாண் நல்ல குடல், மறுபடியும் புண் என்று விட்டுவிட்டு வரும். உட்படலத்தோடு நிற்காமல் குடல்சுவரின் முழுத் தடிமனுக்கும் இறங்கும். அதனால்தான் சிலருக்குக் குடல் சுருங்கி அடைத்துக்கொள்கிறது. சிலருக்குக் குடலிலிருந்து தோலுக்கோ பக்கத்து உறுப்புக்கோ தானாகவே ஒரு வழி திறந்துகொள்கிறது. முற்றிலும் ஒழிக்க மருந்து இல்லை. அடக்கி வைக்க மருந்துகள் இருக்கின்றன.

இவ்வளவையும் இன்று தெளிவாக எழுத முடிகிறது. அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வலது அடிவயிற்று வலி மட்டும்தான்.

அம்மாப்பேட்டையில் எங்கள் வீடு. முன்கட்டில் தறி, பின்கட்டில் நாங்கள். கல்லூரி இரண்டாம் ஆண்டில், சாப்பிட்ட சற்று நேரத்தில் வலி பிடிக்கத் தொடங்கியது. பிறகு வயிற்றுப்போக்கு. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். சுடிதார்கள் ஒவ்வொன்றாகத் தொளதொளத்தன. “சூடு பிடித்திருக்கிறது கண்ணு” என்று அம்மாயி தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார். அம்மா கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் மாவிளக்கு போடுவதாக வேண்டிக்கொண்டார். தெருமுனை மருத்துவர் அல்சர் என்றார். எங்கள் பக்கத்தில் வயிற்றில் எது வந்தாலும் முதல் பெயர் அல்சர், இரண்டாம் பெயர் கேஸ். காலையில் வெறும் வயிற்றில் போடும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் பரீட்சை பயம் என்றார். பரீட்சை முடிந்தும் வலி முடியவில்லை.

இதைப் படிக்கும் இளைய வயதினருக்காக இங்கே கொஞ்சம் நிற்கிறேன். மனக்கவலையால் வயிறு கெடுவது உண்டு. அது பொய்யான நோய் அல்ல. ஆனால் தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வலி, நள்ளிரவு வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், ரத்தசோகை ஆகியவை கவலையால் வருவன அல்ல. இவற்றில் ஒன்று இருந்தாலும் குடல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு. குடலில் அழற்சி இருந்தால் அது உயரும். எந்த நோய் என்று அது சொல்லாது. உள்ளே ஏதோ எரிகிறது, ஆளைச் சும்மா வீட்டுக்கு அனுப்பாதே என்று மட்டும் சொல்லும். எனக்கு அந்த எண் மிக உயர்வாக வந்தது.

பிறகு கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியே கேமரா பொருத்திய குழாயை விட்டுக் குடலைப் பார்ப்பது. கருவியைவிட முந்தின நாள்தான் கொடுமை. உப்பும் வழவழப்புமான அந்தக் கரைசலை ஜாடி ஜாடியாகக் குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். குளிர வைத்து, நடுவே எலுமிச்சை மிட்டாயைச் சப்பிக்கொண்டு குடித்தால் இறங்கும். கருவி போனதே எனக்குத் தெரியாது, மயக்கம் கொடுத்திருந்தார்கள். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் புண்கள். சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்ததில் கிரானுலோமா, அதாவது எதையோ சுற்றி வளைத்து அடைக்கப் பார்க்கும் செல்களின் முடிச்சு.

இங்கேதான் நம் நாட்டு நோயாளியின் பாதை பிரிகிறது. குடல் காசநோய்க்கும் மிகப் பிடித்த இடம் அதுவேதான். அதிலும் புண், அதிலும் கிரானுலோமா, அதிலும் காய்ச்சல், அதிலும் எடை குறைவு. காசநோய் அரிதான மேலை நாடுகளில் இந்தச் சந்தேகம் பெரும்பாலும் எழுவதில்லை. இங்கே எழாமல் இருந்தால் தவறு. காசநோயை கிரோன் என்று எண்ணி, எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி உடம்பெங்கும் பரவலாம். கிரோனை காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் அந்த மருந்தையே கொடுத்துக்கொண்டிருந்தால் குடல் அதற்குள் சுருங்கிவிடலாம். துணுக்கில் கிருமி கிடைத்தாலோ, கிரானுலோமாவின் நடுவே திசு பாலாடைபோல அழிந்திருந்தாலோ காசநோய் என்று சொல்லிவிடலாம். என் துணுக்கில் கிருமியும் இல்லை, அழிவும் இல்லை. ஆனால் கிடைக்காததால் மட்டும் இல்லை என்று ஆகிவிடாது; குடல் காசநோயில் கிருமி அகப்படாமல் போவது சகஜம்.

என்னைப் பார்த்த குடல் மருத்துவர் அறிக்கையை மூடி வைத்துவிட்டு, “இரண்டில் எது என்று இன்னும் தெரியவில்லை” என்றார். தறி ஓசையை மீறிப் பேசியே பழகிய என் அப்பா கொஞ்சம் சத்தமாகவே கேட்டார்: “இவ்வளவு பரிசோதனை செய்தும் தெரியவில்லை என்றால் எப்படி டாக்டர்?” அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டு, எதெது எந்தப் பக்கம் சாய்கிறது என்று எழுதிக் காட்டினார். கடைசியில் ஒரு தேதியையும் எழுதினார். காசநோய் மருந்தைத் தொடங்குவோம், இரண்டு மாதம் கழித்து மறுபடியும் உள்ளே பார்ப்போம், காசநோயாக இருந்தால் அதற்குள் புண் ஆறத் தொடங்கியிருக்கும், ஆறவில்லை என்றால் பாதையை மாற்றுவோம் என்றார்.

அப்பாவுக்கு அது திருப்தி தரவில்லை. எனக்குத் தந்தது. அதுவரை பார்த்த ஒவ்வொருவரும் உறுதியாகத்தான் பேசியிருந்தார்கள். அல்சர் உறுதி, சூடு உறுதி, பயம் உறுதி. எவரும் தங்கள் சொல் தவறினால் எப்போது திரும்பிப் பார்ப்போம் என்று சொன்னதில்லை. இவர்தான் தம் சந்தேகத்துக்குக் கெடு வைத்தார்.

காசநோய் மருந்து அரசுத் திட்டத்தில் இலவசம். அதில் ஒன்றான ரிஃபாம்பிசின் போட்ட அன்றே சிறுநீர் ஆரஞ்சு நிறமாகிவிடும். முன்பே சொல்லியிருந்ததால் நான் அலறவில்லை. 2018 முதல் காசநோயாளிகளின் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போடும் திட்டமும் நடைமுறையில் இருந்தது. எனக்கும் வந்தது. என்னிடம் இல்லாத ஒரு நோய்க்காக நான் முட்டை வாங்கித் தின்றேன் என்று பிற்பாடு தெரிந்தது. மருந்து ஒழுங்காகப் போடுகிறேனா என்று பார்க்கச் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வருவார். அன்பான பெண்மணி. ஆனால் அவர் தெருவுக்குள் நுழைந்தால் அம்மாவுக்குக் கை நடுங்கும். “பெண் பிள்ளை, நாளைக்கு நாலு பேர் வந்து கேட்கிற வீடு” என்று கெஞ்சி, அவரைப் பின்பக்கச் சந்து வழியாக வரச் சொன்னார். குடல் காசநோய் இருமலில் பரவுவதில்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். அம்மாவின் அச்சம் கிருமியைப் பற்றியதாக இருந்தால்தானே விளக்கம் எடுபடும்?

காய்ச்சல் சற்றுத் தணிந்ததுபோல இருந்தது. வலி அப்படியே இருந்தது. அந்த நேரத்தில்தான் உட்கார முடியாதபடி ஆசனவாய் அருகே ஒரு கட்டி வந்து, உடைந்து, ஆறாமல் கசிந்துகொண்டே இருந்தது. சுவரில் எழுதியிருந்த அதே பவுத்திரம்.

மாமா ஓர் எண்ணைக் கொண்டுவந்தார். அவருக்குத் தெரிந்த மூன்று பேருக்கு அங்கே குணமாகியிருந்தது. நான் அதை நம்புகிறேன். சாதாரணப் பவுத்திரம் ஆறக்கூடியதுதான். ஆனால் கிரோனில் வரும் பவுத்திரம் உள்ளே எரிகிற நெருப்பின் புகை. நோயை அடக்காமல் அதை அறுத்தால் புண் ஆறாது, மலத்தை அடக்கும் தசையும் போய்விடக்கூடும். இளம் வயதில், ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளோடு, திரும்பத் திரும்ப வரும் பவுத்திரம் என்றால் அறுக்கும் முன் குடலையும் பார்த்துவிட வேண்டும். அந்தச் சுவர் எழுத்துகளில் ஒன்றிலாவது இந்த வரி இருந்திருந்தால் நான் இவ்வளவு கடுமையாக எழுத மாட்டேன்.

மருத்துவருக்குப் போன் செய்தேன். எழுதி வைத்த தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே வாருங்கள் என்றார். எம்ஆர்ஐ எடுத்தார்கள். மறுபடியும் அந்த உப்புக் கரைசல். மறுபடியும் கருவி. புண்கள் முன்பு இருந்தபடியே இருந்தன, புதிதாக இரண்டு சேர்ந்திருந்தன. அப்போதும் அவர் தாமாகவே, “நான் கிரோன் என்று நினைக்கிறேன், வேலூரில் இன்னொரு கண் பார்க்கட்டும்” என்று சதைத்துணுக்கு பதித்த கண்ணாடித் தகடுகளைப் பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்தார். சேலம் ஜங்ஷனில் ஏறி ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடி. அப்பா வழியெல்லாம் அந்தப் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை. நான் வழியெல்லாம் கழிப்பறைக் கதவின் சிவப்பு, பச்சை அடையாளத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். வேலூரிலும் கிரோன் என்றுதான் சொன்னார்கள்.

பவுத்திரத்துக்குச் செட்டான் போட்டார்கள். சீழ் உள்ளே தேங்காமல் வடிந்துகொண்டே இருக்க, வழியினூடே ஒரு நூலைக் கோத்துத் தளர்வாக முடிச்சிட்டு விடுவது. அப்பாவின் முகம் அன்றுதான் கொஞ்சம் தெளிந்தது. நூல் என்றால் அவருக்குப் புரியும். “பட்டா, பருத்தியா? எத்தனை கவுண்ட்?” என்று கேட்டார். சிலிகான் என்றதும் ஏமாந்துபோனார். வெண்பட்டு நெய்கிறவர் பெண்ணுக்குச் சிலிகானா என்று வீடு திரும்பும்வரை புலம்பினார்.

பிறகு மருந்து. எதிர்ப்பாற்றலை அடக்கும் அசாதயோப்ரின் மாத்திரையைச் சிறிய அளவில் தொடங்கி, ரத்த வெள்ளணுக்களை அடிக்கடி எண்ணிப் பார்த்துக்கொண்டே ஏற்றினார்கள். ஆசியர்களில் சிலருக்கு NUDT15 என்ற மரபணுவில் ஒரு மாறுபாடு உண்டு. அவர்களுக்கு இந்த மாத்திரையால் முடி கொத்தாக உதிர்வதோடு வெள்ளணுக்களும் ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடலாம். மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் முடி உதிர்ந்தால், எண்ணெயை மாற்றாமல் ரத்தத்தைப் பாருங்கள்.

அதனுடன் இன்ஃப்ளிக்சிமாப். கிரோன் நோய்க்கு அமெரிக்காவில் 1998-இல் அனுமதி பெற்ற மருந்து. அழற்சியை மூட்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைப் பிடித்து முடக்குகிறது. இதிலும் காசநோய் எங்களை விடவில்லை. நம் நாட்டில் பலரின் உடம்பில் காசக் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி எழுப்பிய கிரானுலோமா கோட்டையைக் கட்டிக் காப்பதே இந்த டிஎன்எஃப்தான். அதை முடக்கினால் கோட்டை இளகிக் கிருமி விழித்துக்கொள்ளலாம். அதனால் மார்பு எக்ஸ்ரே, தோல் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடித்த பிறகே தொடங்கினார்கள். முதல் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், அதன் பின் எட்டு வாரத்துக்கு ஒருமுறை. இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏறும். இரண்டாம் தவணைக்குப் பிறகு ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். வலி வருமே என்று காத்திராமல் தூங்கிவிட்டேன் என்பது எழுந்த பிறகுதான் உறைத்தது.

பணம் பற்றிச் சுருக்கமாக. அம்மாவின் நகை அடகுக்குப் போனது, தறிகளில் ஒன்று விலைக்குப் போனது. அசல் மருந்தைப் போலவே செய்யப்படும் பயோசிமிலர் வகைகள் இந்தியாவில் கிடைக்கின்றன, விலையும் குறைவு. எனக்கு ஏறுவது அதுதான். அது இல்லையென்றால் இரண்டாம் தறியும் போயிருக்கும்.

உணவு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், எல்லோரும் சொல்கிறார்கள். பப்பாளி இலைச் சாறு, கற்றாழை, வெறும் வயிற்றில் நெய், பாலையே தொடாதே, பாலை மட்டும் குடி. கிரோன் நோயாளி அனைவருக்கும் பொருந்துகிற ஒரே உணவுப் பட்டியல் கிடையாது. குடல் வீங்கிச் சுருங்கியிருக்கும் காலத்தில் நார்ச்சத்தைக் குறைக்க வேண்டும் என்பது மட்டும் பலருக்கும் சொல்லப்படுவது. கம்பும் கேழ்வரகும் கீரையும் நல்லவை என்று ஊரே மறுபடியும் கண்டுபிடித்துக் கொண்டாடிய வருடங்களில், எனக்கு வெள்ளைச் சோறும் ஜவ்வரிசிக் கஞ்சியும் எழுதிக் கொடுத்தார்கள். மரவள்ளி மாவிலிருந்து செய்யும் ஜவ்வரிசி பெரும்பாலும் வெறும் மாவுச்சத்து, நார் அநேகமாக இல்லை. சேலத்துக்காரிக்கு அதற்கா பஞ்சம்? மாம்பழக் காலத்தில் நாரில்லாத மல்கோவா ஒரு துண்டு அனுமதி. துறக்க வேண்டியிருந்தது தட்டுவடை செட்டைத்தான். பச்சைக் கேரட்டும் பீட்ரூட்டும் துருவிக் குவித்த அந்தத் தட்டு எனக்கு நெடுநாள் விலக்கு. இப்போது வெகு நிதானமாக மென்று, ஒன்றோடு எழுந்துவிடுகிறேன். பி12 ஊசி மட்டும் தொடர்கிறது. அந்த வைட்டமினை உறிஞ்சும் இடமே நோய் பிடித்த இடம்.

2020 ஊரடங்கில் மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்தது. எதிர்ப்பாற்றலைக் கூட்டுங்கள் என்று ஊரே கஷாயம் குடித்தபோது, எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரையை நான் விழுங்கிக்கொண்டிருந்தேன். பயத்தில் தாமாக நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் நோய் திரும்பும் என்று மருத்துவர் போனில் எச்சரித்தார். நிறுத்தவில்லை.

படிப்பு முடிந்து ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கு வேலை கிடைத்தது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருகிறவர்கள் குரங்கையும் பள்ளத்தாக்கையும் படமெடுக்கிறார்கள். எனக்கு அது கழிப்பறையில்லாத நெடுஞ்சாலை. கல்லூரியில் எல்லோரும் ஏற்காடு போனபோதெல்லாம் நான் போகாததற்குக் காரணம் அதுதான். தலைசுற்றும் என்று சொல்லித் தப்பித்தேன். வேலைக்காக முதன்முதல் ஏறிய நாட்களில் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஏறினேன். எத்தனையாவது வளைவில் டீக்கடை, எந்த வீட்டு அம்மாவிடம் கேட்கலாம் என்று ஒரு வரைபடம் மனத்துக்குள் இருந்தது. இப்போது இட்லி சாப்பிட்டுவிட்டே ஏறுகிறேன். எஸ்டேட் முதலாளியிடம் நோயின் பெயரைச் சொல்லி, எட்டு வாரத்துக்கு ஒருநாள் விடுப்பு கேட்டேன். “காபி குடிக்கலாமா?” என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. கொஞ்சமாகக் குடிக்கலாம் என்றேன்.

அந்த வேலையைத்தான் இப்போது விடுகிறேன். காரணம் காப்பீடு. ஏற்கெனவே நோயுள்ளவர் புதிதாகப் பாலிசி எடுக்கும்போது நிறுவனங்கள் நிரந்தரமாக விலக்கி வைக்கலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் அனுமதித்த பட்டியலில் கிரோன் உள்ளிட்ட குடல் அழற்சி நோய்களும் இருந்தன. அதாவது அந்தப் பட்டியல்படி என் தலைவலிக்கும் கால் முறிவுக்கும் பாலிசி கிடைக்கும். என் நோய்க்குக் கிடைக்காமல் போகலாம். ஊழியர்களுக்கு நிறுவனமே எடுக்கும் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் இந்தத் தடை இல்லை. பத்துப் பேர் வேலை செய்யும் எஸ்டேட் அலுவலகத்தில் குழுக் காப்பீடு இல்லை. சேலத்தில் ஒரு நிறுவனத்தில் இருக்கிறது. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களை ஜன்னலில் பார்த்துக்கொண்டே கணக்கு எழுதுவதை விட்டுவிட்டு, ஐந்து ரோட்டுப் பக்கம் குளிர்சாதன அறைக்குப் போகிறேன். என் வயதில் மற்றவர்கள் சம்பளத்தையும் பதவியையும் விசாரிக்கிறார்கள். நேர்காணலில் நான் பாலிசி நகலைக் கேட்டேன், அவர்கள் விழித்தார்கள்.

நகலில் முன்பே உள்ள நோய்களுக்கு விலக்கு இல்லை. ஆனால் ஊசி ஏற்றிவிட்டு அன்றே வீடு திரும்பினால் பணம் தருவார்களா என்பது தெளிவாக இல்லை. மோனோகுளோனல் ஆன்டிபாடியை, அதாவது இன்ஃப்ளிக்சிமாப் போன்ற மருந்தை, ஊசியாகச் செலுத்தும் சிகிச்சையைக் காப்பீடு விலக்கக் கூடாது என்று அதே 2019 நெறிமுறைகளில் இருந்தது. அந்த வரியைக் குறிப்பிட்டு, ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் வேண்டும் என்றேன். முதலில் போனில், “அதெல்லாம் வந்துவிடும் மேடம், கவலைப்படாதீர்கள்” என்றார்கள். எழுத்தில் கொடுங்கள் என்றேன். பத்து நாள் இழுத்தடித்த பிறகு மின்னஞ்சல் வந்தது: பகல்நேரச் சிகிச்சையாக உண்டு, ஆண்டு வரம்புக்கு உட்பட்டு. அந்த வரம்பில் ஐந்து தவணை அடங்குகிறது. ஆறாவதற்கும் அதற்குப் பிந்தியதற்கும் அப்பா இப்போதே சீட்டுப் போட்டிருக்கிறார்.